பழைய பிக்கப்புக்கு மாற்றுக் கார்புரேட்டர்: தொண்டை எவ்வளவு பெரிதாக இருக்கலாம்?

வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: “அப்பா விட்டுச்சென்ற பிக்கப், 1970களின் இறுதியில் வந்தது. எட்டு சிலிண்டர், 5 லிட்டர் எஞ்சின். அதன் இரட்டைத் தொண்டைக் கார்புரேட்டர் தேய்ந்துவிட்டது. சிக்னலில் நின்றால் எஞ்சின் அணைந்துபோகிறது. அதே மாதிரி புதிதாகக் கிடைக்கவில்லை. நான்கு தொண்டைகள் உள்ள, நிமிடத்துக்கு 600 கன அடி காற்று என்று எழுதிய ஒன்று கிடைக்கிறது. பழையது 350 கன அடிதானாம். பெரியதைப் போட்டால் இழுவை கூடும் என்கிறார்கள். வாங்கலாமா?”

வாங்க வேண்டாம் என்பதுதான் என் பதில். ஆனால் காரணம் தெரியாமல் இந்தப் பதிலை ஏற்றுக்கொள்ளாதீர்கள். காரணம் அவ்வளவு அழகானது.

காற்றில் பெட்ரோலைக் கலந்து எஞ்சினுக்குத் தருவதுதான் கார்புரேட்டரின் வேலை. அடிப்படை எல்லோரும் பள்ளியில் படித்ததுதான். ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். காற்று போகும் குழாயின் நடுவில் இடுப்புபோல் ஒரு குறுகல் இருந்தால், அங்கே காற்று விரைந்து பாயும். அந்தக் குறுகல்தான் தொண்டை. விரைந்து பாயும் இடத்தில் அழுத்தம் குறையும். பெர்னூலி 1738இலும் வென்சுரி 1797இலும் எழுதிவைத்தது இது. அந்தக் குறுகலில் ஒரு சிறு குழலின் வாயைக் கொண்டுவந்து வைத்தால், பக்கத்துக் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் தானே ஏறி வந்து தெளிக்கும். 1893இல் ஹங்கேரியில் டொனாட் பாங்கியும் யானோஷ் சோன்காவும், அதே ஆண்டில் ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக்கும், ஒருவரைச் சாராமல் ஒருவர் இந்தத் தெளிப்புக் கார்புரேட்டரை எட்டினார்கள்.

பாடப்புத்தகம் இத்தோடு நிறுத்திக்கொள்கிறது. இத்தோடு நிறுத்திய கார்புரேட்டர் ஓடாது.

கிண்ணத்தில் பெட்ரோலின் மட்டம் தெளிப்பு வாயைவிடச் சில மில்லிமீட்டர் கீழே இருக்கும். இல்லாவிட்டால் வண்டி நிற்கும்போதே வழிந்துவிடும். ஆகவே காற்று மெதுவாகப் போகும்போது அந்தச் சில மில்லிமீட்டரை ஏறவே உறிஞ்சல் போதாது. பெட்ரோல் குறைவாக வரும். காற்று வேகமெடுத்தால் நிலைமை தலைகீழ். குறுகலில் அழுத்தம் குறையும்போது காற்று விரிந்து அடர்த்தி குறைகிறது. திரவமான பெட்ரோல் விரிவதில்லை. உறிஞ்சல் கூடக்கூட, பெட்ரோல் தன் பங்கை மீறிக்கொண்டே போகிறது. வெறும் குழலும் வெறும் குறுகலும் மட்டும் இருந்தால், தாழ்ந்த வேகத்தில் பெட்ரோல் போதாமல் எஞ்சின் இருமும். உயர்ந்த வேகத்தில் கரும்புகை கக்கும்.

இதைச் சரிசெய்ய மின்சாரமோ கணிப்பானோ இல்லாத காலத்தில் என்ன செய்திருப்பார்கள்? ஓட்டை போட்டார்கள். அவ்வளவுதான்.

பெட்ரோல் கிண்ணத்திலிருந்து நேராகத் தெளிப்பு வாய்க்குப் போவதில்லை. முதலில் ஜெட் என்ற அளவுத் துளை வழியாக ஒரு சிறு கிணற்றில் இறங்குகிறது. அந்தக் கிணற்றுக்குள் பக்கமெல்லாம் ஊசித் துளைகள் கொண்ட மெல்லிய பித்தளைக் குழல் ஒன்று நிற்கிறது. எமல்ஷன் குழல் என்று பெயர். அதன் மேல்முனை வெளிக்காற்றுக்குத் திறந்திருக்கும். உறிஞ்சல் குறைவாக இருக்கும்போது கிணறு நிறைந்திருக்கிறது; குழலின் துளைகள் பெட்ரோலில் மூழ்கியிருக்கின்றன. உறிஞ்சல் கூடும்போது, ஜெட் நிரப்புகிற வேகத்தைவிட இறைக்கிற வேகம் அதிகமாகி, கிணற்றின் மட்டம் இறங்குகிறது. முதல் வரிசைத் துளைகள் வெளியே தெரிகின்றன. அவற்றின் வழியே காற்று புகுந்து பெட்ரோலை நுரையாக்குகிறது. இன்னும் உறிஞ்சினால் அடுத்த வரிசை, பிறகு அதற்கடுத்தது. புகுகிற காற்று ஒவ்வொரு முறையும் ஜெட்டின் மேல் விழும் இழுவையைக் கொஞ்சம் தணிக்கிறது. பெட்ரோல் எங்கே அளவு மீறுமோ, சரியாக அங்கே தடை வந்து நிற்கிறது. நகரும் உறுப்பு ஒன்றுகூட இல்லை. எந்த உயரத்தில் எத்தனை துளை, ஒவ்வொன்றும் எவ்வளவு அகலம் என்பதில்தான் அந்த எஞ்சினின் குணம் முழுவதும் எழுதியிருக்கிறது.

அந்தக் குழலை முதன்முதலாகக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. ஊரைவிட்டு வெளியே போனாலே ஸ்பார்க் பிளக்குகள் கரி பிடித்துக்கொண்டிருந்தன. ஊருக்குள் ஓட்டினால் ஒரு குறையும் இல்லை. ஜெட் சரி, கிண்ணத்தின் மட்டத்தைக் காக்கும் மிதவை சரி, எரிபொருள் அழுத்தமும் சரி. குழலைத் திருப்பிப் பார்த்தபோது, மேல்வரிசைத் துளைகளில் ஒளி வந்தது. கீழ்வரிசை இரண்டிலும் வரவில்லை. நீண்ட நாள் நின்ற பெட்ரோல் பிசினாகிக் காய்ந்து அடைத்திருந்தது. மட்டம் அந்த ஆழத்துக்கு இறங்கும் வேகத்தில் மட்டும் நோய் தெரிந்ததற்குக் காரணம் அதுதான். கரைப்பானில் ஊறவைத்து ஊதிய பிறகு, பிளக்கின் முனை ஒரே வாரத்தில் இளம்பழுப்புக்கு வந்தது.

இப்போது தொண்டைக்கு வருவோம். நான்கு வீச்சு எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் முழுக் கொள்ளளவையும் இழுக்கும். 5 லிட்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 4000 சுற்று சுற்றினால் 10,000 லிட்டர். சிலிண்டர்கள் முழுதாக நிரம்பாது. 80 விழுக்காடு என்று வைத்தால் 8000 லிட்டர், அதாவது ஏறத்தாழ 283 கன அடி. சுமை இழுக்கும் பிக்கப் இதற்குமேல் சுற்றுவது அபூர்வம். 600 கன அடியில் பாதிக்கு மேல் பெரும்பாலும் பயன்படப் போவதில்லை.

பயன்படாமல் சும்மா கிடந்தால் பரவாயில்லையே என்று கேட்கலாம். சும்மா கிடப்பதில்லை. தொண்டையின் பரப்பு இருமடங்கானால் காற்றின் வேகம் பாதியாகும். உறிஞ்சல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால் அது கால் பங்காகிவிடும். நான்கு தொண்டைகளில் இரண்டு மெதுவாக ஓடும்போது மூடியே இருக்கும் என்பது உண்மைதான். 1965இல் வந்த ராச்செஸ்டர் குவாட்ராஜெட்டில் முன்னிரண்டு தொண்டைகள் சிறியவை, பின்னிரண்டு மிகப் பெரியவை. அந்த அமைப்பின் நோக்கமே சிறு வேகத்திலும் உறிஞ்சலைக் காப்பதுதான். ஆனால் நான்கும் ஒரே அளவாக இருக்கும் வகைகளில் முன்னிரண்டும் உங்கள் பழைய இரண்டைவிட அகலமாக இருக்கக்கூடும். அப்படியானால் ஆக்சிலரேட்டரை மிதித்தவுடன் ஒரு கணம் எஞ்சின் தயங்கும்.

இன்னொரு சிக்கல் அந்த எண்களிலேயே ஒளிந்திருக்கிறது. நான்கு தொண்டைக் கார்புரேட்டரை 1.5 அங்குலப் பாதரச அழுத்த வேறுபாட்டில் அளப்பார்கள். இரண்டு தொண்டையை 3 அங்குலத்தில். அழுத்தம் இருமடங்கானால் காற்றோட்டம் 1.41 மடங்குதான் கூடும். ஆகவே உங்கள் பழைய 350ஐ அதே தராசில் வைத்தால் அது ஏறத்தாழ 248தான். வித்தியாசம் நீங்கள் நினைத்ததைவிடப் பெரிது. இப்படி இரு தராசில் நிறுத்த எண்களை ஒரே அலகில் அச்சிட்டு விற்பது எனக்கு எப்போதும் வருத்தம் தருகிறது.

“பெரியது நல்லது” என்பதற்கு அண்ணன் முறையில் இன்னொரு நம்பிக்கை உண்டு: பெட்ரோலை முழுக்க ஆவியாக்கிவிட்டால் மைலேஜ் பல மடங்காகும் என்பது. 1930களில் கனடாவின் சார்லஸ் நெல்சன் போக் என்பவர் இதற்குக் காப்புரிமைகளே பெற்றார். அந்த ‘அற்புதக் கார்புரேட்டரை’ யாரோ மறைத்துவிட்டார்கள் என்ற கதை இன்றும் சுற்றுகிறது. நல்ல நிலையில் உள்ள எஞ்சினில் எரியாமல் வெளியேறும் பெட்ரோல் சில விழுக்காடுதான். அதை முழுக்க மீட்டாலும் லாபம் அந்தச் சில விழுக்காடுதான். பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தங்களும் இதே வகை. பெட்ரோலின் மூலக்கூறுகளைக் காந்தம் எரிதலுக்கு உதவும்படி எதுவும் செய்வதில்லை. அந்தக் காசுக்கு ஒரு நல்ல பழுதுபார்ப்புத் தொகுப்பு வாங்கலாம் என்று கெஞ்சியே கேட்கிறேன்.

ஆம், வாசகிக்கு என் யோசனை அதுதான். முதலில் த்ராட்டில் தண்டை, அதாவது ஆக்சிலரேட்டரை மிதித்தால் தொண்டையைத் திறக்கும் தகட்டின் தண்டை, விரல்களால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் அந்த இடைவெளியில் காற்று திருட்டுத்தனமாகப் புகுகிறது. சிக்னலில் எஞ்சின் அணைவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். தண்டு இருக்கும் துளையை அகலப்படுத்திப் புதிய புஷ் என்ற உள்வளையம் அடித்தால் கார்புரேட்டரின் உடல் பிழைத்துக்கொள்ளும். ஆடவில்லை என்றால் புதிய கேஸ்கெட், மிதவை ஊசி, பம்ப் டயாஃப்ரம் ஆகியவற்றோடு வேலை முடியலாம். இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருந்தால், அதைத் தாங்கும் ரப்பர்தானா என்று கேட்டு வாங்குங்கள். 10 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு 14.7க்குப் பதில் ஏறத்தாழ 14.1 பங்கு காற்றுதான் தேவை. ஜெட்டை ஒரு படி பெரிதாக்க வேண்டியும் வரலாம்.

உடலில் விரிசல் விட்டிருந்தால் மாற்றுத்தான் வழி. அப்போது வண்டியின் ஆண்டையும் மாடலையும் மட்டும் சொல்லித் தேடாதீர்கள். ஒரே ஆண்டில், ஒரே எஞ்சினுக்கு, கியர் வகையையும் புகைக் கட்டுப்பாட்டையும் பொறுத்து வெவ்வேறு கார்புரேட்டர்கள் பொருத்தியிருப்பார்கள். வெளியே பார்த்தால் இரட்டையர், உள்ளே துளைகள் வேறு. நான்கு போல்ட் துளைகளின் இடைவெளி, தொண்டையின் விட்டம், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பக் காற்றைக் குறைக்கும் சோக் மின்சாரத்திலா எஞ்சினின் வெப்பத்திலா இயங்குகிறது, வெற்றிடக் குழாய்கள் எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, எண். சில வகைகளில் அது உடலிலேயே பதிந்திருக்கும். சிலவற்றில் மேல்மூடியின் ஒரு திருகுக்கு அடியில் நகம் அளவுக்கு ஒரு தகடு இருக்கும். யாராவது முன்பே பிரித்திருந்தால் அதைத் தொலைத்திருக்கவும் கூடும். பழைய பல் துலக்கும் பிரஷில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டு அந்தத் திருகைச் சுற்றித் தேயுங்கள். எண் தெரிந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து தேடுவோம்.