வீட்டார் அறிந்த முகத்தை மாற்றித் தராதீர்கள்: பழைய படங்களைச் சீரமைக்கும் தன்னார்வலர்களுக்கு

புகைப்படப் பாதுகாப்பு என் தொழில். 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு சென்னை மூழ்கிய காலத்திலிருந்து, வெள்ளத்தில் சேதமடைந்த குடும்பப் படங்களைக் கட்டணமின்றிச் சீரமைத்துத் தரும் தன்னார்வலர்களோடும் சேர்ந்து பணியாற்றி வருகிறேன். அவர்களுடைய நல்லெண்ணத்தில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆனால் அண்மைக்காலமாக என் மேசைக்கு வரும் படங்கள், வெள்ளத்தைவிட உதவியால் அதிகம் கெட்டவையாக இருக்கின்றன.

அப்படி வந்தவற்றுள் ஒன்று தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு குடும்பத்துடையது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியபோது அந்த வட்டாரத்தில் எத்தனையோ வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. இவர்கள் வீட்டுச் சுவரில் சட்டமிட்டு மாட்டியிருந்த பாட்டியின் ஒரே படமும் நனைந்தது. உதவ வந்தவர்கள் கண்ணாடியிலிருந்து படத்தைப் பிய்த்தெடுத்து, வெயிலில் காயவைத்து, கைபேசியில் படம்பிடித்து, செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றில் ஏற்றி, பளபளப்பான புதிய பிரதியாக அச்சிட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பழைய தாள் உரிந்துபோனது என்று குப்பையில் போட்டுவிட்டார்கள். புதிய படத்தைப் பார்த்த பேத்தி, “இது எங்க ஆச்சி இல்லையே” என்றாராம். அவர் சொன்னது முழு உண்மை.

செயலி பழைய முகத்தை “மீட்டுத் தருகிறது” என்ற நம்பிக்கைதான் இன்று எல்லாச் சேதத்துக்கும் வேராக இருக்கிறது. படத்தின் ஒரு பகுதி அழிந்துவிட்டது என்றால், அந்த இடத்தில் இருந்த விவரம் அந்தத் தாளில் இல்லை. தாளில் இல்லாததை எந்த மென்பொருளும் அதிலிருந்து எடுக்க முடியாது. செயலி தான் பயின்ற எண்ணற்ற வேறு மனிதர்களின் முகங்களைக் கொண்டு, இங்கே பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும் என்று ஊகித்து நிரப்புகிறது. அழியாத பகுதியையும் அது விட்டுவைப்பதில்லை. மங்கலாக இருக்கும் கண்ணைக் கூர்மையாக்குவதாகச் சொல்லி, வேறொரு கண்ணை அந்த இடத்தில் வரைகிறது. தெளிவு கூடக்கூட அது உங்கள் பாட்டியின் கண்ணாக இருப்பது குறைகிறது.

நம் ஊர்ப் படங்களில் இது செய்யும் கேடு இன்னும் அதிகம். பாம்படம் அணிந்து நீண்டு தொங்கும் காதுமடலை அது தவறான வடிவம் என்று எடுத்துக்கொண்டு சாதாரணக் காதாக்கிவிடுகிறது. அம்மைத் தழும்பைக் கறை என்று துடைக்கிறது. நெற்றியிலும் முன்கையிலும் குத்தியிருந்த பச்சையை அழுக்கு என்று அழிக்கிறது. இரண்டு பக்க மூக்குத்தியில் ஒன்று காணாமல் போகிறது. வெற்றிலைக் காவி ஏறிய பற்கள் வெளுத்து வரிசையாகின்றன. கறுத்த மேனி சிவந்துவிடுகிறது. ஒரு குடும்பம் தன் மூத்தவரை அடையாளம் காண்பது இந்த விவரங்களை வைத்துத்தான் என்பதை, படத்தைச் “சுத்தம்” செய்கிறவர் ஒரு கணமாவது நினைக்க வேண்டாமா?

வண்ணம் தீட்டுவதும் இதே வகைத் தவறுதான். கறுப்பு வெள்ளைப் படத்திலிருந்து அசல் நிறத்தைக் கண்டுபிடிக்க முடியாது. பழைய ஸ்டுடியோக்களில் நெடுங்காலம் புழங்கிய ஆர்த்தோகுரோமேட்டிக் ஃபிலிம்களுக்குச் சிவப்பு ஒளி ஏறாது. ஆகையால் குங்குமமும் அரக்குச் சேலையும் அவற்றில் ஏறத்தாழக் கறுப்பாகவே விழும். அதைப் பார்த்து ஒருவர் கறுப்புப் பொட்டு வைக்கிறார், இன்னொருவர் கருநீலச் சேலை கட்டிவிடுகிறார். கணவரை இழந்து வெள்ளைச் சேலையில் இருந்த ஒரு மூதாட்டிக்குப் பச்சைச் சேலையும் பொட்டும் கொடுத்த படத்தை நான் பார்த்திருக்கிறேன். வீட்டார் கேட்காத எந்த வண்ணத்தையும் தயவுசெய்து சேர்க்காதீர்கள். அவர்கள் கேட்டால் நிறத்தை அவர்களிடமே விசாரித்துத் தீட்டி, இது பின்னால் ஏற்றிய வண்ணம் என்று அச்சின் பின்புறம் எழுதிக் கொடுங்கள்.

கணினியில் சீரமைப்பதே கூடாது என்று நான் சொல்லவில்லை. நானும் அதைச் செய்கிறேன். பின்னணித் திரையில் ஓடும் கிழிசல், தரையில் படிந்த கறை, சட்டைமீது விழுந்த மடிப்புக் கோடு ஆகியவற்றை அதே படத்தின் பக்கத்துப் பகுதியைக் கொண்டு நிரப்புவதில் யாருடைய முகமும் மாறுவதில்லை. முகத்தின் மீது மெல்லிய விரிசல் ஓடினால், இருபுறமும் எஞ்சியிருப்பதை வைத்துப் பொறுமையாக, கையால் மூடலாம். கண்ணோ வாயோ முழுமையாகப் போய்விட்டால் அங்கே நிறுத்திவிட வேண்டும். அந்த நிலையில் நேர்மையான விடை, இவ்வளவுதான் முடியும் என்று வீட்டாரிடம் சொல்வது. அதைச் சொல்லத் தயங்கித்தான் பலர் செயலியை நாடுகிறார்கள்.

அசல் தாளைப் பற்றி. ஸ்கேன் எடுத்தாயிற்று, இனி இது எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே: அசல் எவ்வளவு சிதைந்திருந்தாலும் வீட்டாரிடம் திரும்பிப் போக வேண்டும். 2011 மார்ச் 11 அன்று சுனாமி தாக்கிய ஜப்பானிய ஊர்களில், இடிபாடுகளுக்கிடையே கிடைத்த ஆல்பங்களை மீட்புப் படையினர் ஒதுக்கி வைத்தார்கள். தன்னார்வலர்கள் இலட்சக்கணக்கான படங்களைத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, உரியவர்கள் வந்து தேடி எடுத்துக்கொள்ளும்படி அடுக்கி வைத்தார்கள். பாதிக்குமேல் அழிந்து, ஓரத்தில் ஒரு கை மட்டும் தெரிகிற படங்களையும் அவர்கள் எறியவில்லை. நம்மாலும் அது முடியும்.

இனி, நனைந்த படங்களைக் கையாள்வது. புகைப்படத் தாளின் மேலே இருப்பது ஜெலட்டின் படலம். நனைந்தால் அது ஊறிய அப்பளம்போல் ஆகிவிடும், விரல் பட்டாலே படம் கையோடு வரும். எனவே துணியால் துடைக்காதீர்கள். ஓரத்தை மட்டும் பிடியுங்கள். ஒன்றோடொன்று ஒட்டிய ஈரப் படங்களை அப்படியே காயவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது. சேற்றுத் தண்ணீரில் வந்தவற்றைச் சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் மிதக்கவிட்டு, தாமாகப் பிரியும்வரை பொறுத்திருங்கள். மொத்தத்தில் 48 மணி நேரத்துக்குமேல் தண்ணீரில் இருக்கக் கூடாது. வண்ணப் படங்களை முதலில் கவனியுங்கள், அவை விரைவில் கரைகின்றன. கழுவியவற்றை நிழலில், முகம் மேலே இருக்கும்படி மைஒற்றுத் தாளின்மீது பரப்பிக் காயவிடுங்கள். வெயில், முடி உலர்த்தும் கருவி, இஸ்திரிப் பெட்டி எதுவும் வேண்டாம். படங்கள் மிகுதி, ஆட்கள் குறைவு என்றால் இடையிடையே பட்டர் பேப்பர் வைத்து, பிளாஸ்டிக் உறையிலிட்டு, குளிர்பதனப் பெட்டியின் உறைநிலைப் பகுதியில் வைத்துவிடலாம். பிறகு நிதானமாக ஒவ்வொன்றாக எடுக்கலாம். கையால் வண்ணம் தீட்டிய பழைய ஸ்டுடியோ படங்களையும் இங்க்ஜெட் அச்சுகளையும் கண்ணாடித் தகட்டு நெகட்டிவ்களையும் மட்டும் இந்த வழிகளில் கையாளாதீர்கள். அவற்றைத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கண்ணாடியோடு ஒட்டிக் காய்ந்துவிட்ட படத்தைப் பிய்க்கவே பிய்க்காதீர்கள். நம் வீடுகளில் சுவரில் மாட்டிய படங்கள் பெரும்பாலும் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டே சட்டமிடப்பட்டவை என்பதால், ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் நான் காணும் சேதங்களில் இதுதான் மிகுதி. பின்பலகையை மட்டும் மெதுவாகக் கழற்றிவிட்டு, கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். படம் நன்றாகவே வரும். 600 டிபிஐ அளவில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்), தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் (TIFF) கோப்பாக எடுத்து, அந்தக் கோப்பில் கை வைக்காமல் தனியே சேமியுங்கள். திருத்தம் எல்லாம் அதன் நகலில்தான். வீட்டாருக்கு இரண்டையும் கொடுங்கள்.

கிழிந்த படத்தில் செலோ டேப் ஒட்டாதீர்கள். சில ஆண்டுகளில் பசை மஞ்சளாகி உள்ளே இறங்கிவிடும். பின்புறம் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதாதீர்கள், மென்மையான பென்சில் போதும். பாதுகாப்பு என்று எண்ணி லாமினேஷன் செய்கிறவர்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன்: வேண்டாம். சூட்டில் உருகி ஒட்டிய அந்த உறையிலிருந்து ஒரு படத்தை உயிரோடு வெளியே எடுப்பது எங்களுக்கும் அநேகமாக இயலாத காரியம். இராமபாணப் பூச்சியும் பூஞ்சையும் அரித்த படத்தைக்கூட ஓரளவு காப்பாற்றிவிடலாம்.

இன்னொன்று, சொல்லவே வருத்தமாக இருக்கிறது. பிறர் வீட்டுப் படங்களை, முன்பும் பின்பும் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் போடுகிறார்கள். அவற்றில் இறந்தவர்களின் கடைசிப் படங்களும் குழந்தைகளின் படங்களும் இருக்கின்றன. கேட்காமல் போடாதீர்கள், இலவசம் என்று கண்ட இணையதளத்தில் ஏற்றாதீர்கள்.

முகம் முழுதாக அழிந்த படம் உங்களிடம் வந்தால், கணினியைத் திறப்பதற்கு முன் அந்த வீட்டாரோடு அரைமணி நேரம் உட்காருங்கள். அவர்களுடைய பெரியம்மா வீட்டிலோ சம்பந்தி வீட்டிலோ இருக்கும் கல்யாண ஆல்பத்தின் குழுப்படத்தில், மூன்றாவது வரிசையில் அதே ஆச்சி நின்றிருக்கக்கூடும். வாக்காளர் அட்டைக்காக எடுத்த சிறிய படம் பெட்டியின் அடியில் கிடக்கக்கூடும். அதை நல்ல முறையில் ஸ்கேன் செய்து, பெரிதாக்கினால் கொஞ்சம் மங்கலாகத்தான் வரும் என்று முன்னதாகவே சொல்லி, அப்படியே அச்சிட்டுக் கொடுங்கள்.