முட்டைய கழுவி அடுக்கி வைக்காதீங்க

வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் மொட்டமாடில கோழி, புறா வளக்குறவங்க நெறைய பேரு நம்ம கிளினிக்குக்கு வருவாங்க, பறவைக்கு மருந்து வாங்குற கையோட முட்டைய பத்தியும் ஒரு டவுட் கேட்டுடுவாங்க. "டாக்டரம்மா, உள்ள வெள்ளையா நூலு மாதிரி இருக்கே, அது குஞ்சோட தொப்புள்கொடியா?" இல்லங்க. மஞ்சக்கரு நடுவுல நிக்குறதுக்காக ரெண்டு பக்கமும் முறுக்கிக்கிட்டு இருக்குற புரோட்டீன் கயிறு அது, முட்டை ஃப்ரெஷ்ஷா இருந்தா இன்னும் நல்லாவே தெரியும். ரத்தப்புள்ளியும் பெரும்பாலும் கோழி உடம்புல சின்ன ரத்தக்குழாய் ஒடஞ்ச அடையாளம்தான், தாராளமா சாப்பிடலாம். குஞ்சு வர்ற எடம் வேற, மஞ்சக்கரு மேல 2, 3 மில்லிமீட்டருக்கு வெளிறுன பொட்டு ஒண்ணு இருக்கும், கடை முட்டையிலயும் இருக்கும், ஆனா முட்டைப் பண்ணையில சேவல் விடமாட்டாங்க, அதனால அது குஞ்சாகாது.

அந்தப் பொட்டத் தவிர மத்ததெல்லாம் குஞ்சுக்குக் கட்டி வச்ச சாப்பாடும் பாதுகாப்பும்தான். விதையும் இதே ஏற்பாடுதான். வேர்க்கடலைய பொளந்தா ஓரத்துல குட்டி மூக்கு மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கும்ல, செடியோட வேரும் தண்டும் அதுலேந்துதான் வரும், ரெண்டு பருப்பும் அதுக்கு சாப்பாடு. தள்ளுவண்டில விக்கிற தேங்காப்பூ கூட, முளைக்கிற கன்னு பருப்பையும் தண்ணியையும் உறிஞ்சறதுக்காக உள்ள வளக்குற பாகம்தான்.

இவ்ளோ சத்து ஒரே எடத்துல இருந்தா கிருமி சும்மா இருக்குமா? முட்டை ஓட்டுல கண்ணுக்குத் தெரியாத ஓட்டை ஆயிரக்கணக்குல இருக்கு, குஞ்சு மூச்சு விடணுமில்ல. அதுக்கு மேல கிருமிய தடுக்க மெல்லிசா ஒரு படலம் இருக்கு, நாம என்னடான்னா சுத்தம்னு நெனச்சு பச்சத்தண்ணில தேய்ச்சு அதையும் எடுத்துடுறோம், வெதுவெதுப்பா இருக்குற முட்டை மேல குளிர்ந்த தண்ணி பட்டா உள்ள இருக்கறது சுருங்கி, வெளிய இருக்குற அழுக்குத் தண்ணிய ஓட்டை வழியா உள்ள இழுத்துக்கும், சால்மோனெல்லாங்குற கிருமி இப்படியும் உள்ள போகலாம். எச்சம் இருந்தா துணியால தொடச்சு வைங்க, கழுவறத சமைக்கறதுக்கு முன்னாடி வச்சுக்கலாம். கூர் முனை கீழ இருக்கட்டும், காத்துப் பை மழுங்குன பக்கத்துல இருக்கு, அது மேல இருக்கணும். விரிசல் விட்டு கெடந்தது வேணாம்.

வயசுக்கு வந்த பொண்ணுக்கு பச்ச நாட்டு முட்டையும் நல்லெண்ணெயும் ஊத்துறாங்களே, அத பாத்தா எனக்கு கோவமே வரும். வேக வச்சா கிருமி சாகும், புரோட்டீனும் பச்சையில இருந்து கிடைக்கறத விட நல்லாவே உடம்புல சேரும், அவிச்சுக் குடுத்தா என்னவாம்?

புறாக்காரங்களுக்குத் தனியா ஒண்ணு. தோல் ஒடஞ்ச மக்காச்சோளம், கடலை இதெல்லாம் ஐப்பசி கார்த்திகை ஈரத்துல சீக்கிரம் பூஞ்சை புடிக்கும், அதுல அஃப்ளடாக்சின் விஷம் உருவாகலாம், பறவையோட ஈரல அடிக்கும். கழுவி வெயில்ல காய வச்சுப் போட்டா பரவாயில்லையான்னு கேக்காதீங்க, வேக வச்சாலே அந்த விஷம் முழுசா போகாது, மூட்டையோட தூக்கிப் போடுங்க.