சங்கிலியை எடுத்தது யார்?

என் அறைக்குள் நான்கு பேர் வந்தார்கள் (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). 72 வயது அம்மா, மகன், பெங்களூரிலிருந்து வந்திருந்த மகள் மூவரும் உட்கார்ந்தார்கள். மருமகள் மட்டும் நாற்காலி இருந்தும் கதவோரமே நின்றார்.

"என் ரெட்டவடச் சங்கிலியை இவ எடுத்து அவங்க அம்மா வீட்டுக்குக் கொடுத்துட்டா டாக்டர்." அம்மா இப்படிச் சொன்னபோது பிள்ளைகள் இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

டிமென்ஷியா என்கிற மறதி நோயில் நான் அதிகம் கேட்கும் புகார் இதுதான். பெரும்பாலும் புதிய நினைவுகள்தான் முதலில் நழுவும். திருடனுக்குப் பயந்து நகையை ஒளித்துவைத்தது மறந்துவிடும். நகை இருந்தது மட்டும் நன்றாக நினைவிருக்கும். 'நான் எடுக்கவில்லை, அப்படியானால் வேறு யாரோ எடுத்திருக்கிறார்கள்.' யார்? பக்கத்திலேயே இருப்பவர்தான். அதனால் குளிப்பாட்டி, சோறூட்டிப் பார்த்துக்கொள்பவர்மேல்தான் பழி அதிகம் விழுகிறது. அம்மா பொய் சொல்லவில்லை, மனதார நம்புகிறார். அவரை விட்டுவிடலாம். அதைக் கேட்டு நம்பும் மற்றவர்கள்தான் குடும்பத்தை உடைக்கிறார்கள்.

மகள் சொன்னார்: "தினமும் போன்ல நல்லாத்தானே பேசுறாங்க?" உண்மைதான். உபசாரப் பேச்சும் பழைய கதைகளும் வெகுகாலம் தாக்குப்பிடிக்கும். பத்து நிமிடப் போனிலும் இரண்டு நாள் விருந்திலும் நோய் பெரும்பாலும் தெரியாது.

"காலையில என்ன சாப்பிட்டீங்கம்மா?" என்றேன். "இட்லி, தேங்காய்ச் சட்னி" என்றார், தயங்காமல். கதவோரத்திலிருந்து மெதுவாக, "உப்புமா சார்." அப்புறம் ஒரு தாளில் கடிகாரம் வரையச் சொன்னேன். பன்னிரண்டு எண்களையும் வலது பக்கத்திலேயே நெருக்கி எழுதினார். மகள் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, இந்த நோய் இருப்பதாக 2023-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. ஆனாலும் 'வயசானா மறதி வரும்தானே' என்று பலர் ஒன்றிரண்டு வருடம் கழித்தே வருகிறார்கள். பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, எப்போதோ விழுந்ததில் தலைக்குள் தேங்கிய ரத்தம் எல்லாம் இதே வேடத்தில் வரும். அவற்றுக்கு வைத்தியம் உண்டு. ஓரிரு நாளில் திடீரென்று தடுமாற்றம் கூடினால் சிறுநீர்த் தொற்று போல வேறு ஏதாவது இருக்கலாம், உடனே காட்டுங்கள். தயவுசெய்து கடையில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். குழப்பம் கூடும், விழுந்து இடுப்பு எலும்பு முறியும்.

சரி, பழி சொன்னால் என்ன செய்வது? "நான் எடுக்கல" என்று வாதாடி யாரும் ஜெயித்ததில்லை. "ஐயோ, சங்கிலியா? வாங்க, சேர்ந்து தேடலாம்" என்று கூடவே தேடுங்கள். அது அவர் கையிலேயே கிடைக்கும்படி விட்டால் இன்னும் நல்லது. பீரோ சாவிக்கு இன்னொன்று செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று மாத்திரையோடு இன்னொன்றும் சொன்னேன்: மருமகள் பத்து நாள் பிறந்த வீட்டுக்குப் போகட்டும், அம்மாவை இடம் மாற்றாமல் மகள் அங்கேயே வந்து தனியாகப் பார்த்துக்கொள்ளட்டும்.

நான்காம் நாள் இரவு மகள் போன் செய்தார். "டாக்டர், இப்ப நான்தான் திருடி. என் கம்மலைக் கழட்டச் சொல்லி, அவங்களோடதுன்னு அழறாங்க." சங்கிலி உளுந்து டப்பாவில் கிடைத்ததாம். அதை எனக்குச் சொல்வதற்கு முன்பே அண்ணிக்குச் சொல்லியிருந்தார்.