பல்லுக்கறை, பிளீச்சிங் பவுடர், உப்பு பாக்கெட்: மூணும் ஒரே வரிசை தான்

ஏழாவது எட்டாவது படிக்கிற பசங்க கிட்ட தனிம வரிசை அட்டவணைய காட்டினா மொத கேள்வியே "இத ஃபுல்லா மனப்பாடம் பண்ணணுமா"ன்னு தான் வரும். வேணாம்பா. 118 கட்டத்தையும் கடகடன்னு ஒப்பிச்சு ஒரு பிரயோஜனமும் கெடையாது, ஒரு தனிமம் எங்க உக்காந்திருக்குன்னு பாத்தே அது எப்படிப்பட்ட ஆளுன்னு சொல்றதுக்காக போட்ட அட்டவணை அது. நெடுக்கா ஒரே ஒரு வரிசைய எடுத்துக்குவோம், வலது பக்கம் கடைசிக்கு முந்துனது, 17-வது. தர்மபுரி கிருஷ்ணகிரி காரங்களுக்கு இந்த வரிசைல முக்காவாசி பேரு ஏற்கனவே பழக்கம்.

போர் தண்ணி குடிச்சே வளந்தவங்க நம்ம பக்கம் நெறைய பேரு, அவங்க பல்ல பாத்தா மஞ்சளா பழுப்பா கோடு கோடா கறை இருக்கும், எந்த பேஸ்ட் போட்டு தேச்சாலும் போகாது. அது ஃபுளூரின் பாத்த வேல. பஞ்சாயத்து டேங்க்ல பிளீச்சிங் பவுடர் போட்ட அன்னைக்கு பைப்ப தொறந்ததும் மூக்குல ஏறுதே, அது குளோரின். மளிகைக்கடை உப்பு பாக்கெட்ல சிரிக்கிற சூரியன் படம் போட்டிருக்கும் பாருங்க, அதுக்கு அர்த்தம் உள்ள அயோடின் இருக்குன்னு. அட்டவணைல ஃபுளூரின், அதுக்கு கீழ குளோரின், அப்புறம் புரோமின், அதுக்கும் கீழ அயோடின்.

ஏன் இவங்கள ஒண்ணுக்கு கீழ ஒண்ணா போட்டாங்க? மாச காலண்டர நெனச்சுக்கோங்க. தேதி 1, 2, 3ன்னு வரிசையா ஏறிட்டே போகும், ஆனா ஞாயித்துக்கெழம எல்லாம் ஒரே பத்தியில விழும், அந்த பத்தில எந்த தேதிய தொட்டாலும் போச்சம்பள்ளி சந்தை தான். அட்டவணையும் அதே ஐடியா. தேதிக்கு பதிலா அணு எண், அதாவது அணுவோட நடுவுல எத்தன புரோட்டான் இருக்குங்கற நம்பர். ஃபுளூரின் 9, குளோரின் 17, புரோமின் 35, அயோடின் 53. என்ன, காலண்டர்ல எல்லா வாரத்துக்கும் 7 நாள், இங்க குறுக்கா போற மொத வரிசைல 2, அப்புறம் 8, 8, 18, 18, 32, 32ன்னு நீண்டுட்டே போகும், அதனால தான் அட்டவணை பாக்க அப்படி கோணல்மாணலா இருக்கு.

கொணம் ஒத்துப்போறதுக்கு காரணம் எலக்ட்ரான். அணுவுல எலக்ட்ரானுங்க அடுக்கடுக்கா இருக்கும், ஃபுளூரினுக்கு 2, 7, குளோரினுக்கு 2, 8, 7. கடைசி அடுக்குல 8 ஆனா தான் நிம்மதி, இவங்க எல்லாருக்கும் கடைசில 7 தான், அதனால எவன் கிட்டயாவது ஒரு எலக்ட்ரான புடுங்கறதே பொழப்பு. அட்டவணையோட இடது ஓரத்துல சோடியம் இருக்கு, அதுக்கு கடைசி அடுக்குல ஒண்ணே ஒண்ணு, எப்படா தள்ளி விடலாம்னு பாத்துட்டு இருக்கும். தண்ணில போட்டா தீப்புடிச்சு வெடிக்கிற சோடியமும், மொதல் உலகப்போர்ல விஷவாயுவா விட்ட குளோரினும் சேந்தா தான் ரசத்துக்கு போடற உப்பு.

கீழ போகப்போக வேகம் கொறையும். அடுக்கு கூடக்கூட கடைசி அடுக்கு நடுவுல இருந்து தள்ளிப்போயிரும், இழுக்கற சக்தி கம்மியாயிரும், அதனால ஃபுளூரின் தான் இதுல பெரிய ரவுடி, ஃபிரான்ஸ்ல ஆன்ரி முவாசான் அத தனியா பிரிச்சு எடுக்கறதுக்கு 1886 ஆயிருச்சு. ஃபுளூரின், குளோரின் ரெண்டும் வாயு, புரோமின் செம்பழுப்பு திரவம், அயோடின் கருப்பா மினுங்கற திடப்பொருள், சூடு பண்ணா ஊதா கலர்ல ஆவி வரும். அயோடின வீட்லயே பாக்கலாம், மரவள்ளிக்கெழங்க நறுக்கி அதுமேல காயத்துக்கு போடற அயோடின் மருந்து ஒரு சொட்டு விடுங்க, பழுப்பா விழுந்தது நீலக்கருப்பா மாறிரும், கெழங்குல இருக்கற மாவுச்சத்தோட அயோடின் சேர்றதால. அந்த துண்ட திங்காதீங்க.

இந்த அயோடின் மெண்டலீஃப ஒரு வழி பண்ணிருச்சு. 1869ல அவரு அட்டவணை போட்டப்ப தெரிஞ்ச தனிமமே 63 தான், எடைய வெச்சு தான் வரிசைப்படுத்தினாரு, எலக்ட்ரான்னு ஒண்ணு இருக்கறதே அப்ப யாருக்கும் தெரியாது. எடைப்படி பாத்தா அயோடின் முன்னாடி, டெலூரியம்ங்கற இன்னொரு தனிமம் பின்னாடி வரணும். ஆனா கொணத்த பாத்தா அயோடின் அப்படியே குளோரின் புரோமின் ஜாதி. மனுஷன் தயங்காம ரெண்டையும் மாத்தி போட்டுட்டு, டெலூரியத்தோட எடைய அளந்ததுல தான் தப்பு இருக்கணும்னுட்டாரு. அளந்தது சரியா தான் இருந்துச்சு, ஆனா அவரு வெச்ச எடமும் சரி! 1913ல மோஸ்லிங்கற விஞ்ஞானி எக்ஸ்ரே வெச்சு அணு எண்ண கண்டுபுடிச்சப்ப டெலூரியம் 52, அயோடின் 53ன்னு வந்துச்சு. மெண்டலீஃப் வெத்தா விட்ட கட்டத்துக்கு காலியம், ஸ்காண்டியம், ஜெர்மானியம்னு பின்னாடி ஆள் வந்ததெல்லாம் எல்லாரும் சொல்ற கதை தான், எனக்கு இந்த அயோடின் விஷயம் தான் பெருசா தெரியுது.

சரி, நம்ம பல்லுக்கு வருவோம். நம்ம ஊரு கருங்கல்லுக்குள்ள கருப்பா மினுமினுன்னு மைக்கா இருக்கும். அதுல ஹைட்ராக்சைடு, அதாவது ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் ஒட்டிக்கிட்ட ஜோடி, உக்கார வேண்டிய எடத்துல அங்கங்க ஃபுளூரைடு, அதாவது ஒரு எலக்ட்ரான புடுங்கிக்கிட்ட ஃபுளூரின், உக்காந்திருக்கும், ஏன்னா ரெண்டுக்கும் ஒரே ஒரு மைனஸ் சார்ஜ், சைஸும் ஏறக்கொறைய ஒண்ணு. ஆழ்துளை போர்ல தண்ணி வருஷக்கணக்கா பாறைய தொட்டுக்கிட்டே கெடக்கறப்ப, தண்ணில இருக்கற ஹைட்ராக்சைடு அந்த எடத்த புடிச்சுக்கிட்டு ஃபுளூரைட வெளிய தள்ளி விட்டுரும். அந்த தண்ணிய நாம குடிக்கறோம். பல்லும் எலும்பும் ஆகியிருக்கற கால்சியம் பாஸ்பேட்லயும் ஹைட்ராக்சைடுக்கு எடம் இருக்கு, பாறைல எழுந்து வந்தது இங்க வந்து உக்காந்துக்கும். கொஞ்சமா உக்காந்தா பல்லு கெட்டிப்படும், பேஸ்ட்ல போடறது அதுக்கு தான். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல போற தண்ணிய வருஷக்கணக்கா குடிச்சா, பல்லு மொளைக்கற வயசு பசங்களுக்கு கறை, பெரியவங்களுக்கு எலும்பே வெறச்சுக்கும்.

அப்ப உப்புல இருக்கற குளோரைடு ஏன் அப்படி பல்லுல ஏறல? அதுக்கும் ஒரே மைனஸ் தான, ஆனா அது ஒரு கட்டம் கீழ, ஒரு அடுக்கு கூட, அதனால சைஸ் பெருசு, அந்த சந்துல சரியா பொருந்தாது. பதில் அட்டவணைலயே இருக்கு.

கொதிக்க வெச்சா ஃபுளூரைடு போயிரும்னு இன்னும் சொல்றாங்க. போகாது, தண்ணி தான் ஆவியாகும், மிச்ச தண்ணில அளவு ஏறும். பிளீச்சிங் பவுடரும் கிருமிய தான் கொல்லும், இத ஒண்ணும் பண்ணாது. ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் திட்டம் ரெண்டு மாவட்டத்துக்கும் காவிரி தண்ணி கொண்டு வந்ததுக்கு பெரிய காரணமே இந்த ஃபுளூரைடு தான்.

அயோடினுக்கு கீழ அஸ்டடைன்னு ஒண்ணு இருக்கு, அணு எண் 85. கதிரியக்கம் ஜாஸ்தி, அதுல நீண்ட நாள் தாங்கறதே எட்டு மணி நேரத்துல பாதி அழிஞ்சிரும், கண்ணால பாக்கற அளவுக்கு யாரும் சேத்து வெச்சதில்ல. அது வாயுவா திடப்பொருளா, எந்த மாதிரி நெறம், சோடியத்தோட சேந்தா என்ன ஆகும்னு பசங்க கிட்ட கேளுங்க, மேல இருக்கற நாலு பேர பாத்துட்டு சொல்லட்டும்.