பத்திரிகையில் பிழையாக வந்துவிட்டதா? பொலிசுக்கு ஓட முன் இதை வாசியுங்கள்

விசுவமடுப் பக்கம் ஓட்டோ ஓடுகிற ஒருவர் ஒரு பிளாஸ்டிக் பையோடு என்னிடம் வந்தார். பைக்குள் எண்ணெய் ஊறிய பத்திரிகைத் துண்டு, தேநீர்க் கடையில் வடை சுற்றிக் கொடுத்த தாள். கேரள கஞ்சாவுடன் ஒருவர் கைது என்ற செய்திக்குப் பக்கத்தில் இவருடைய படம். கைதானவருக்கும் இவருக்கும் பெயர் ஒன்று. முகநூலில் பெயரைத் தேடி, அகப்பட்ட படத்தைப் போட்டிருக்கிறார்கள். தாளில் திகதி இருந்த மூலை கிழிந்து போயிருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவதுதான் அவருடைய நிலையான வருமானம். செய்தி வந்த கிழமையே தாய்மார் வேறு ஓட்டோ பிடித்துவிட்டார்கள்.

"எங்கெல்லாம் போனனீங்கள்?" என்று கேட்டேன். கிராம சேவையாளர், பிரதேச செயலகம், பொலிஸ், கடைசியாக வவுனியாவில் மனித உரிமைகள் ஆணைக்குழு அலுவலகம். நாலு மாதம் போய்விட்டது. போன இடத்தில் ஒருவராவது "இது எங்கட வேலை இல்லை, இன்ன இடத்துக்கு எழுதுங்கோ" என்று முதல் நாளே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எல்லோரும் கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு வரச் சொன்னார்கள்.

பத்திரிகையைத் திருத்தச் சொல்லும் அதிகாரம் கிராம சேவையாளருக்கும் கிடையாது, பிரதேச செயலகத்துக்கும் கிடையாது. பொலிஸில் முறைப்பாட்டைப் பதிந்து துண்டு தருவார்கள், அதோடு சரி. அவதூறு இலங்கையில் குற்றவியல் சட்டத்திலிருந்து 2002இல் எடுக்கப்பட்டுவிட்டது. மனித உரிமைகள் ஆணைக்குழு அரசும் அரச அதிகாரிகளும் செய்கிற மீறலைத்தான் விசாரிக்கும். தனியார் பத்திரிகை அதற்குள் வராது. பொலிசுக்குப் போகவே வேண்டிய ஒரு விடயம் உண்டு. பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரின் பெயரையோ, ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரத்தையோ வெளியிடுவது தண்டனைச் சட்டக் கோவையின்படி குற்றம். ஊர்ப் பெயரையும் தகப்பனின் தொழிலையும் போட்டுவிட்டு "பெயர் போடவில்லையே" என்றால் அதை ஏற்காதீர்கள். எங்கள் ஊர்களில் அந்த இரண்டும் போதும்.

மற்றவற்றுக்கு முதல் கதவு அந்தப் பத்திரிகையின் ஆசிரியர். ஊரில் உள்ள செய்தியாளரிடம் போகாதீர்கள். "அண்ணை, நான் கதைக்கிறன்" என்பார். திருத்தம் போடுகிற முடிவு அவர் கையில் இல்லை. தொலைபேசியில் "நாளைக்கு மறுப்புப் போடுறம்" என்று சொன்னாலும் அதை நம்பி இருக்காதீர்கள். அன்றைக்கே கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் போடுங்கள். பற்றுச்சீட்டையும் கடிதத்தின் பிரதியையும் பத்திரப்படுத்துங்கள்.

கடிதம் ஒரு பக்கம் போதும். பத்திரிகையின் பெயர், திகதி, பக்கம், தலைப்பு, பிழையான வசனம் அப்படியே, அது பிழை என்பதற்கு ஆதாரம், உங்களுக்கு என்ன வேண்டும். இடம்பெயர்ந்த காலத்திலிருந்து கதையைத் தொடங்கி நாலு பக்கம் எழுதி வருபவர்களைப் பார்க்கிறேன். அவர்களின் வலி எனக்கு விளங்குகிறது, ஆனால் நாலாம் பக்கத்தில் இருக்கிற முறைப்பாட்டை வாசிக்கிறவர் தேடிக்கொண்டிருக்க மாட்டார். செய்தி வந்த முழுத்தாளையும் எடுத்து வையுங்கள். வெட்டாதீர்கள், திகதி தாளின் மேல் ஓரத்தில்தான் இருக்கும்.

திருத்தத்தின் வாசகத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள். பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். "தான் கஞ்சா கடத்தவில்லை என்று இன்னார் தெரிவித்துள்ளார்" என்று போட்டால் அது திருத்தமே இல்லை. பழியை இரண்டாம் தடவை அச்சடிப்பது அது. "படம் தவறாக வெளியானது, அவருக்கும் இச்செய்திக்கும் தொடர்பில்லை, வருந்துகிறோம்" என்று பத்திரிகை தன் வாயால் சொல்ல வேண்டும். முதல் பக்கத்தில் வந்த பிழைக்கு உள்பக்க மூலையில் இரண்டு வரி என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஆசிரியர் பதில் தராவிட்டால், அல்லது மழுப்பினால், அடுத்தது இலங்கைப் பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு. பத்திரிகைத் துறையே 2003இல் அமைத்தது, கொழும்பில் இருக்கிறது. கட்டணம் இல்லை. தமிழிலேயே எழுதலாம். ஆங்கிலத்தில் எழுதித் தருகிறேன் என்று காசு கேட்கிறவர்களிடம் கொடுக்காதீர்கள். ஆசிரியர்களின் ஒழுக்கக்கோவையை வைத்துத்தான் பார்ப்பார்கள்: செய்தி சரியா, பதில் சொல்ல இடம் கொடுத்தார்களா, தனிப்பட்ட வாழ்க்கைக்குள் நுழைந்தார்களா, துக்க வீட்டில் எப்படி நடந்தார்கள், சிறுவர்களை எப்படிக் காட்டினார்கள். முதலில் இரு பக்கத்தையும் பேசி இணங்க வைக்கப் பார்ப்பார்கள். தண்டம் போடவோ நட்டஈடு வாங்கித் தரவோ மாட்டார்கள். நீதிமன்றத்தில் வழக்காகிவிட்ட விடயத்தைக் கையில் எடுக்கவும் மாட்டார்கள். இதே போலப் பெயருள்ள பத்திரிகைப் பேரவை வேறு. அது 1973ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த அரச அமைப்பு. அதற்கும் முறைப்பாடு செய்யலாம். ஆனால் கடித உறையில் பெயரை மாற்றி எழுதிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு, கவனம்.

முறைப்பாட்டை எந்தத் தலைப்பில் வைக்கிறீர்கள் என்பதிலும் கவனம் வேண்டும். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியில் வீதியோரம் இருந்து போராடியபோது எடுத்த படங்கள் எத்தனையோ. அப்படி அழுகிற ஒரு தாயின் படத்தை, சம்பந்தமே இல்லாத வறுமைச் செய்திக்கோ தற்கொலைச் செய்திக்கோ போட்டால் என்ன செய்வது? "அனுமதியில்லாமல் படம் எடுத்தார்கள்" என்று எழுதினால், பொது இடம் என்று சொல்லித் தப்பிவிடுவார்கள். "இந்தப் படம் இந்தச் செய்திக்கு உரியதல்ல, செய்தி பிழை" என்று எழுதுங்கள்.

நட்டஈடுதான் வேண்டும் என்றால் மாவட்ட நீதிமன்றத்தில் சிவில் வழக்கு. காலவரை இரண்டு வருடம். பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழுவுக்கு எழுதியிருக்கிறோம் என்பதற்காக அந்தக் கணக்கு நின்றுவிடும் என்று இருந்துவிடாதீர்கள். வருமானம் குறைந்தவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் முதலில் கேட்டுப் பாருங்கள்.

முகநூல் பக்கங்களும் யூடியூப் செய்திகளும் இந்த முறைப்பாட்டு வழிக்குள் வரா. ஆனால் அச்சுப் பத்திரிகையின் இணையப் பதிப்பில் அதே செய்தி கிடந்தால், அதையும் நீக்கக் கேட்டு அதே கடிதத்தில் ஒரு வரி சேருங்கள். ஓட்டோக்காரருக்கு நான் எழுதிய கடிதத்தில் அந்த வரியை மறந்துவிட்டேன். திருத்தம் வந்த பிறகும் அவருடைய பெயரைத் தட்டினால் பழைய படமே வந்தது. இன்னொரு கடிதம், இன்னொரு பதிவுத் தபால், இன்னும் ஆறு கிழமை.