கோஷர் சமையல்: வெள்ளிக்கிழமை அடுப்பில் ஏற்றும் முன்

“கோஷர்தானே, சுத்தமான சாப்பாடு, உடம்புக்கு ஒண்ணும் செய்யாது.” வடக்கு லண்டனில் டயட்டீஷியனாக இருக்கும் நான் இதை யூத நோயாளிகளிடமும் கேட்கிறேன், அவர்கள் வீடுகளுக்குப் பராமரிப்பு வேலைக்குப் போகும் நம்மூர்ப் பிள்ளைகளிடமும் கேட்கிறேன். கோஷர் என்பது மதச் சட்டம். எந்த விலங்கைச் சாப்பிடலாம், எப்படி அறுக்க வேண்டும், எதோடு எதைச் சேர்க்கக் கூடாது என்று அது சொல்லும். உங்கள் பிரஷருக்கு எவ்வளவு உப்பு தாங்கும் என்று சொல்லாது. அதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிளவுபட்ட குளம்பும் அசைபோடும் வழக்கமும் இரண்டும் சேர்ந்த விலங்கைச் சாப்பிடலாம். அதனால் ஆடு மாடு உண்டு, பன்றி இல்லை. துடுப்பும் செதிலும் உள்ள மீனைச் சாப்பிடலாம். இறால், நண்டு கிடையாது. குட்டியை அதன் தாயின் பாலில் வேகவைக்காதே என்று யூத வேதமான தோராவில் மூன்று இடங்களில் வருகிறது. இறைச்சிக்கும் பாலுக்கும் தனித்தனிப் பாத்திரம், தனித்தனிக் கரண்டி எல்லாம் அதிலிருந்து வந்தவைதான். இறைச்சி சாப்பிட்டபின் பால் பொருள் தொடப் பலர் 6 மணி நேரம் காத்திருப்பார்கள். ஜெர்மன் யூத வழக்கத்தில் 3 மணி நேரம். முட்டை, மீன், காய்கறி, தானியம் இரண்டு பக்கமும் சேராத ‘பரேவ்’.

இனி ஷோலண்ட் என்னும் பானைச் சமையல். வெள்ளி சூரியன் மறைவதிலிருந்து சனி இரவு வரை யூதரின் ஓய்வுநாளான ஷப்பத். அன்று நெருப்பு மூட்டுவதும் சமைப்பதும் கூடாது. ஆகவே வெள்ளி சூரியன் மறையும் முன்பே மாட்டிறைச்சி, பார்லி, உருளைக்கிழங்கு, பயறு எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டு, மெல்லிய சூட்டில் விடிய விடிய வைத்து, சனி மதியம் சாப்பிடுவார்கள். ஈராக் யூதர் வீடுகளில் இதே முறையில் கோழியும் அரிசியும் சேர்ந்து ‘திபீத்’ ஆகும். விருந்தாளி வந்தால் இந்தப் பானைதான் நடுநாயகம். சாப்பிட்டுப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

எனக்குக் கவலை தருவது அதில் போடும் ராஜ்மா. சிவப்பு ராஜ்மாவில் பைட்டோஹீமாக்ளூட்டினின் என்ற நச்சுப் புரதம் இருக்கிறது. நன்றாகக் கொதித்தால் அழியும். கொதிநிலைக்குக் கீழே வெதுவெதுப்பாகக் கிடந்தால் அழியாது, வேகவைக்காத ராஜ்மாவைவிடத் தீவிரமாகவும் ஆகலாம். முன்பு பானை பெரிய அடுப்பில் நன்றாகச் சூடேறும். இப்போது பல வீடுகளில் ஸ்லோ குக்கர். ஊறவைத்த பயறை நேராக அதில் போட்டுக் குறைந்த சூட்டில் வைத்தால், பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கிடந்தும் பயறு கொதித்திருக்காது. சாப்பிட்ட ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் குமட்டல், கடும் வாந்தி, அப்புறம் பேதி. ‘இறைச்சி கெட்டுப்போயிருக்கும்’ என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். யாரும் பயறைச் சந்தேகப்படுவதில்லை.

செய்ய வேண்டியது எளிது. வியாழன் இரவே 12 மணி நேரம் ஊறப் போடுங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவெனக் கொதிக்க விடுங்கள். அமெரிக்க வழிகாட்டுதல் 30 நிமிடம் என்கிறது, நானும் அதையே சொல்கிறேன். அந்தத் தண்ணீரையும் கொட்டியபிறகு பயறு ஷோலண்டுக்குப் போகட்டும். டின் ராஜ்மா என்றால் இந்த வேலையே இல்லை. ஷப்பத் தொடங்கிவிட்டால் தண்ணீர் ஊற்றிச் சரிசெய்யவோ கிளறவோ முடியாது என்பதால், தண்ணீர் அளவையும் வெள்ளி மதியமே முடித்துவிட வேண்டும்.

சூடு இன்னொரு விஷயம். சனி மதியம் வரை ஹாட் பிளேட்டில் இருக்கும் உணவு 63 டிகிரி செல்சியஸுக்குக் குறையக் கூடாது. டிஜிட்டல் தெர்மாமீட்டரை ஷப்பத் அன்று தொட மாட்டார்கள். அதனால் ஒரு செவ்வாயோ புதனோ, அதே பிளேட்டில் அதே பானையில் சூடான தண்ணீர் வைத்து, காலையில் அளந்து பாருங்கள் என்பேன். ஓரத்தில் வைத்த பாத்திரம் நடுவில் வைத்ததைவிட ஆறிக் கிடப்பது அப்போதுதான் தெரியும். மீந்ததை மேசையிலேயே மாலை வரை விடாமல் ஃபிரிட்ஜில் வையுங்கள், அதற்குத் தடையில்லை. கதவைத் திறந்தால் எரியும் பல்பை மட்டும் வெள்ளிக்கிழமையே நிறுத்தி வைத்திருப்பார்கள்.

அடுத்து உப்பு. ரத்தம் உண்ணக் கூடாது என்பதால் இறைச்சியை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, கல் உப்பு தூவி ஒரு மணி நேரம் வைத்து, பிறகு மும்முறை கழுவுவார்கள். இப்போது கசாப்புக்கடையிலேயே இது முடிந்து வருகிறது. எவ்வளவு கழுவினாலும் கொஞ்சம் உப்பு உள்ளே தங்கிவிடும். வெள்ளி இரவுக் கோழி சூப்பில் அந்தக் கோழி, அதன்மேல் ஒரு கரண்டி சூப் பவுடர், பக்கத்தில் ஊறுகாய் வெள்ளரி, உப்பில் ஊறிய ஹெர்ரிங் மீன். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 6 கிராம் உப்பு என்கிறது பிரிட்டிஷ் அளவு. ஒரே வேளையில் அது போய்விடும். சூப்பை நிறுத்துங்கள் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. சொன்னால் அடுத்த அப்பாயின்ட்மென்டுக்கு வர மாட்டார்கள், நியாயம்தான். பவுடரை விட்டுவிட்டு கேரட், செலரி, வெங்காயம், டில் கீரையை இரண்டு பங்கு போடச் சொல்கிறேன். ருசி பார்க்கும் வரை தனியாக உப்பு போட வேண்டாம். பொட்டாசியம் கலந்த ‘குறைந்த சோடியம்’ உப்பைச் சிறுநீரக நோயாளிகள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

கோஷர் வீட்டில் வேலை செய்யும் ஒரு பெண் என்னிடம் வருத்தத்தோடு கேட்டாள்: “அக்கா, நான் காய் வேகவச்சுக் குடுக்கிறேன்னாலும் அடுப்பைப் பத்தவைக்க பாட்டியேதான் எழுந்து வர்றாங்க. என்மேல நம்பிக்கை இல்லையா?” நம்பிக்கைக்கும் இதற்கும் சம்பந்தமில்லைம்மா என்றேன். பல வகைச் சமையலில் யூதர் ஒருவரின் கை பட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். அஷ்கனாஸி (ஐரோப்பிய யூதர்) வழக்கத்தில் நெருப்பை மூட்டினாலே போதும். செபார்டி (ஸ்பெயின் வழி யூதர்) வழக்கத்தில் பானையை அடுப்பில் வைப்பதும் அவர்களாக இருக்க வேண்டும். கீரை, காலிஃபிளவரில் பூச்சி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது, முட்டையைத் தனிக் கிண்ணத்தில் உடைத்து ரத்தப்புள்ளி தேடுவது போன்றவற்றையும் முதல் நாளே கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.

யூத நண்பரை வீட்டுக்குக் கூப்பிடும் தமிழர்கள் “நாங்க சைவம்தான், அப்புறம் என்ன பிரச்சினை?” என்பார்கள். கண்டிப்பாகக் கடைப்பிடிப்பவருக்கு உங்கள் சட்டியும் கணக்கில் சேரும். நேற்று அதில் என்ன வெந்தது என்பது முக்கியம். கோஷர் முத்திரை உள்ள பாக்கெட்டைப் பிரிக்காமல் வையுங்கள். முழுப் பழம், காகிதத் தட்டு, காகிதக் கப் வையுங்கள். எந்த முத்திரை சரி என்று அவரையே கேளுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஒயின் பாட்டிலை நீங்கள் திறக்காதீர்கள். அவர்கள் சமையலறையிலேயே சேர்ந்து சமைக்க வாய்த்தால் நம் கைவசம் நல்ல சரக்கு உண்டு. தேங்காய்ப்பால் பரேவ் என்பதால் கறியில் தாராளமாக ஊற்றலாம். கொச்சி யூதர்கள் அப்படித்தான் சமைத்தார்கள். நெய்த் தாளிப்பு மட்டும் கறிப் பக்கம் வரக் கூடாது. பெருங்காயம் அவர்களுக்குப் புதிதல்ல, ஷப்பத் அன்று அதை எப்படி ஊறவைக்கலாம் என்று பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவிலேயே விதி இருக்கிறது! ஆனால் நம் டப்பாப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருப்பது சகஜம். கோதுமை மாவுப் பண்டங்களை விலக்கும் பஸ்கா பண்டிகை வாரத்தில் அது ஆகாது, கோதுமையின் குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயாளிக்கு எந்த வாரமும் ஆகாது.

பரேவ் என்று போட்டிருந்தால் பால் ஒவ்வாமை உள்ள குழந்தைக்குக் கொடுத்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். அது மத முத்திரை, ஒவ்வாமைச் சான்றிதழ் இல்லை. பொருள்பட்டியலைத் தனியாகப் படியுங்கள். பஸ்காவில் கேக்குக்கு மைதாவுக்குப் பதில் பாதாம் பொடி போவதால் கொட்டை ஒவ்வாமை உள்ள விருந்தாளிக்கு அந்த வாரம்தான் ஆபத்து அதிகம். முகம் வீங்கி மூச்சு திணறினால் அட்ரினலின் பேனாவைக் குத்திவிட்டு உடனே 999-ஐக் கூப்பிடுங்கள். ஷப்பத் ஆயிற்றே, போனைத் தொடலாமா என்று தயங்க வேண்டாம். உயிரைக் காக்க ஷப்பத்தை மீறச் சொல்வது யூதச் சட்டமேதான்.