நான்கே நான்கு அளவுகளை வைத்துக்கொண்டு முடிவெடுப்பது எப்படி?

பி.காம், பி.பி.ஏ, எம்.பி.ஏ என்று எதில் சேர்ந்தாலும் புள்ளியியல் தாளில் ஒரு கட்டத்தில் டி டெஸ்ட் வந்துவிடும், அதாவது கொஞ்சம் அளவுகளின் சராசரியை வைத்து ஒரு கருதுகோளைச் சோதிக்கும் முறை. சராசரியைக் கழி, திட்ட விலக்கத்தால் வகு, மாதிரி எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் பெருக்கு, புத்தகத்தின் கடைசிப் பக்கத்து அட்டவணையைப் பார், அதைவிடப் பெரிதாக வந்தால் கருதுகோளை நிராகரி. இப்படி மனப்பாடம் செய்தாலே மதிப்பெண் வந்துவிடுகிறது. அந்த அட்டவணையில் 3.182 என்ற எண் எதற்காக உட்கார்ந்திருக்கிறது, கீழே போகப் போக எல்லாம் ஏன் 1.96-ஐ நோக்கி இறங்குகின்றன என்று கேட்டால் நன்றாகப் படிக்கும் மாணவர்களே தயங்குகிறார்கள். இதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. காரணம், வணிகம் படிப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் வேறில்லை. அந்த அட்டவணை ஒரு ஆலையில், மூலப்பொருள் வாங்கும் செலவையும் சரக்கின் தரத்தையும் பற்றிய கேள்வியிலிருந்து பிறந்தது.

ஆலை, அயர்லாந்தின் டப்ளினில் இருக்கும் கின்னஸ் பீர் ஆலை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜில் அறிவியல் படித்த இளைஞர்களை அவர்கள் வேலைக்கு எடுக்க ஆரம்பித்தார்கள். அப்படி 1899-ல் வந்து சேர்ந்தவர் வில்லியம் சீலி காசெட். ஆக்ஸ்ஃபோர்டில் வேதியியலும் கணிதமும் படித்தவர், வயது 23. பார்லி, அதை முளைகட்டி உலர்த்திய மால்ட், கசப்புக்கும் கெடாமல் இருப்பதற்கும் சேர்க்கும் ஹாப்ஸ் பூ, எல்லாமே வயலிலிருந்து வருபவை. வயலுக்கு வயல், வருடத்துக்கு வருடம் மாறுபவை. மால்ட்டிலிருந்து எவ்வளவு சர்க்கரைச் சாறு இறங்குகிறது என்பதற்கு ஆலையில் 133 டிகிரி என்று ஒரு இலக்கு வைத்திருந்தார்கள், அதிலிருந்து 0.5-க்கு மேல் விலகினால் சரக்கின் தன்மை மாறிவிடும். சரி, வந்திருக்கும் மால்ட் அந்த எல்லைக்குள் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அளந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு அளவுக்கும் ஆய்வகத்தில் நேரமும் ஆளும் வேண்டும். ஆயிரம் முறை அளக்க முடியாது. நான்கு முறை அளக்கலாம், ஆறு முறை அளக்கலாம்.

அன்றைய புள்ளியியலில் இதற்கு நல்ல விடை இல்லை. லண்டனில் கார்ல் பியர்சனும் அவருடைய ஆட்களும் நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான அளவுகளை வைத்து வேலை செய்தவர்கள். அவ்வளவு தரவு இருந்தால் மாதிரியின் திட்ட விலக்கத்தையே உண்மையான திட்ட விலக்கம் என்று எடுத்துக்கொண்டு, இயல்நிலைப் பரவலின் மணி வடிவ வளைவைப் பயன்படுத்தலாம், தப்பு ஒன்றும் வராது. கையில் நான்கே அளவுகள் இருக்கும்போது அது எடுபடுமா என்பதுதான் காசெட்டின் கேள்வி.

கணக்குப் போட்டே பார்ப்போம். ஒரு மால்ட் சரக்கிலிருந்து எடுத்த நான்கு அளவுகள் 132.4, 133.1, 132.8, 133.7 என்று வைத்துக்கொள்ளுங்கள் (எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை). சராசரி சரியாக 133.0. அதிலிருந்து ஒவ்வொன்றும் விலகும் தூரம் −0.6, 0.1, −0.2, 0.7. வர்க்கம் எடுத்துக் கூட்டினால் 0.90. மூன்றால் வகுத்தால் 0.30, வர்க்கமூலம் சுமார் 0.55. இதுதான் மாதிரியின் திட்ட விலக்கம், அதாவது ஒரு தனி அளவு சராசரியைச் சுற்றி எவ்வளவு ஆடுகிறது என்பது. நான்கு அளவுகளின் சராசரி அதைவிடக் குறைவாகத்தான் ஆடும், ஏனென்றால் ஒன்று மேலே போனால் இன்னொன்று கீழே வந்து ஈடுகட்ட வாய்ப்பிருக்கிறது. எவ்வளவு குறைவு என்றால், நான்கின் வர்க்கமூலமான இரண்டால் வகுக்க வேண்டும்: சுமார் 0.27. இதற்குப் பெயர் திட்டப் பிழை.

பழைய முறைப்படி, 95 சதவீத நம்பிக்கைக்கு இதை 1.96-ஆல் பெருக்குவோம். 0.54 வரும். ஆக, உண்மையான சராசரி 132.46-க்கும் 133.54-க்கும் நடுவில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

சொல்லக்கூடாது. 1.96 என்ற எண் செல்லுபடியாக ஒரு நிபந்தனை உண்டு: உண்மையான திட்ட விலக்கம் நமக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். நம்மிடம் இருப்பது அதே நான்கு அளவுகளிலிருந்து கணித்த ஒரு மதிப்பீடு. அந்த மதிப்பீடும் மாதிரிக்கு மாதிரி ஆடும், ஆடுவது மட்டுமல்ல, ஒரு பக்கமாகச் சாயும். இயல்நிலைப் பரவலிலிருந்து நான்கு நான்காக எடுத்துக்கொண்டே போனால், நூற்றில் ஏறக்குறைய 61 முறை மாதிரியின் திட்ட விலக்கம் உண்மையானதைவிடக் குறைவாகவே வரும். நான்கு எண்கள் தற்செயலாக ஒன்றுக்கொன்று பக்கத்தில் விழுந்துவிட்டால் தரவு ரொம்ப ஒழுங்காக இருப்பதுபோல் தெரியும், நாம் போடும் எல்லை குறுகிவிடும், உண்மையான சராசரி அதற்கு வெளியே நின்றுவிடும். விளைவு என்னவென்றால், 95 சதவீதம் என்று நாம் நம்பிப் போட்ட எல்லை உண்மையில் 85.5 சதவீத முறைதான் சரியாக இருக்கும். இருபதில் ஒரு முறை தவறலாம் என்று கணக்குப் போட்டு நடத்தும் ஆலையில் ஏழில் ஒரு முறை தவறிக்கொண்டிருக்கும், யாருக்கும் காரணம் புரியாது.

இந்த ஓட்டையைக் கண்டுபிடித்து அடைத்ததுதான் காசெட் செய்த வேலை. 1906, 1907-ல் ஆலையே அவரை லண்டனுக்கு, பியர்சனின் ஆய்வகத்துக்கு அனுப்பி வைத்தது. அங்கே உட்கார்ந்து சூத்திரத்தை வருவித்தார். கணித ரீதியாக முழு நிரூபணம் அவரிடம் இல்லை, ஊகம் கலந்த வழியில்தான் சரியான விடைக்கு வந்தார். அப்புறம் அதைச் சோதித்துப் பார்க்க அவர் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. 3000 குற்றவாளிகளின் உயரமும் இடது கை நடுவிரல் நீளமும் அளந்த தரவு ஒன்று ஏற்கெனவே வெளியாகியிருந்தது. அதை 3000 அட்டைகளில் எழுதி, நன்றாகக் கலைத்து, ஒவ்வொன்றாக எடுத்து, நான்கு நான்காகப் பிரித்து 750 மாதிரிகள் ஆக்கினார். ஒவ்வொரு மாதிரிக்கும் சராசரி, திட்ட விலக்கம், அவற்றின் விகிதம் எல்லாம் கையால் கணக்கிட்டு, வந்த பரவலைத் தன் சூத்திரத்தோடு ஒப்பிட்டார். பொருந்தியது. இன்று கணினியில் சிமுலேஷன் என்று நாம் ஒரு நொடியில் செய்வதை அந்த மனிதர் அட்டைகளை வைத்துச் செய்திருக்கிறார்.

கட்டுரை 1908-ல் பயோமெட்ரிக்கா இதழில் வந்தது. ஊழியர்கள் சொந்தப் பெயரில் ஆய்வை வெளியிட ஆலை அனுமதிக்காததால் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் எழுதினார், பாடப்புத்தகங்களில் இன்றும் அந்தப் பெயர்தான் நிற்கிறது. விடுபட்ட நிரூபணத்தை 1912-ல் கேம்பிரிட்ஜ் இளைஞர் ஒருவர் அவருக்கு எழுதி அனுப்பினார். ரொனால்டு ஃபிஷர் என்ற அந்த இளைஞர்தான் பிற்பாடு இந்தச் சூத்திரத்தை நாம் இப்போது பயன்படுத்தும் வடிவத்துக்குக் கொண்டுவந்தவர்.

அட்டவணைக்கு வருவோம். நான்கு அளவுகள் இருந்தால் 1.96-க்குப் பதில் 3.182. பத்து இருந்தால் 2.262. முப்பது இருந்தால் 2.045. இரண்டே இரண்டு இருந்தால் 12.706! ஒவ்வொரு எண்ணும் 1.96-ஐவிட எவ்வளவு அதிகமோ, அது உண்மையான திட்ட விலக்கம் தெரியாததற்காக நாம் கொடுக்கும் விலை. தரவு சேரச் சேர அந்தத் தெரியாமை கரைகிறது, எண் இறங்குகிறது. முப்பதுக்கு மேல் போனால் பெரிய மாதிரி என்று வகுப்பில் சொல்வார்களே, அதற்குப் பின்னால் மந்திரம் ஏதும் கிடையாது, அங்கே 2.045-க்கும் 1.96-க்கும் வித்தியாசம் நாலு சதவீதம்தான், கையால் கணக்குப் போட்ட காலத்தில் அதைப் பொருட்படுத்தவில்லை, அவ்வளவே.

மேலே நான்கு அளவுகள் இருக்க, மூன்றால் வகுத்தோம். ஏன்? விலகலை நாம் அளந்தது மாதிரியின் சொந்தச் சராசரியிலிருந்து. அந்தச் சராசரி அந்த நான்கு எண்களுக்கே நடுவில் நிற்பது, அதனால் விலகல் வர்க்கங்களின் கூட்டல் எவ்வளவு சிறிதாக இருக்க முடியுமோ அவ்வளவு சிறிதாக வரும். உண்மையான சராசரி 133.5 என்று இருந்திருந்தால், அதே நான்கு எண்களுக்குக் கூட்டல் 0.90 அல்ல, 1.90. உண்மைச் சராசரி எங்கே இருந்தாலும் 0.90-ஐவிடக் குறையாது. இந்தக் குறை மதிப்பீட்டை ஈடுகட்டத்தான் ஒன்றைக் குறைத்து வகுக்கிறோம். இன்னொரு விதமாகவும் பார்க்கலாம்: விலகல்களைக் கூட்டினால் எப்போதும் பூஜ்யம், ஆகவே மூன்று விலகல்கள் தெரிந்தால் நான்காவது தானாகவே தெரிந்துவிடும், உண்மையில் நம்மிடம் இருப்பது மூன்று தனித் தகவல்கள்தான். டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் 3 என்று அட்டவணையில் பார்ப்பது இதைத்தான்.

எக்செல்லில் கவனம் தேவைப்படும் இடமும் இதுவே. கான்ஃபிடன்ஸ்.நார்ம் என்று ஒரு ஃபார்முலா, 95 சதவீதத்துக்கு 1.96-ஐ வைத்து எல்லை போடுவது. கான்ஃபிடன்ஸ்.டி என்று இன்னொன்று, டி அட்டவணை எண்ணை வைத்துப் போடுவது. எட்டுப் பத்து எண்களை வைத்துக்கொண்டு முதலாவதைப் போடும் புராஜெக்ட் அறிக்கைகளை நான் நிறையப் பார்க்கிறேன். மென்பொருள் தடுக்காது, அழகான ஒரு விடையைக் கொடுத்துவிடும், எல்லைதான் தேவைக்குமேல் குறுகி இருக்கும்.

அளவுகளை எப்படிச் சேகரிக்கிறோம் என்பது எத்தனை சேகரிக்கிறோம் என்பதற்குச் சற்றும் குறைந்ததில்லை. 1908 கட்டுரையிலேயே காசெட் ஒரு உதாரணம் கொடுத்தார்: அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் கலமசூவில் ஒரு மனநல மருத்துவமனையில் பத்து நோயாளிகளுக்கு இரண்டு தூக்க மருந்துகளைக் கொடுத்துப் பார்த்த தரவு. முதல் மருந்தில் சராசரியாக 0.75 மணி நேரம் தூக்கம் கூடியது, இரண்டாவதில் 2.33 மணி. வித்தியாசம் 1.58 மணி நேரம். இதை இரண்டு தனித்தனிக் குழுக்கள் என்று நினைத்து டி கணக்கிட்டால் 1.86 வரும், அட்டவணை கேட்பது 2.10, ஆக வித்தியாசம் நிரூபணமாகவில்லை. ஆனால் இரண்டு மருந்தையும் சாப்பிட்டவர்கள் அதே பத்துப் பேர். ஒவ்வொருவருக்கும் வித்தியாசத்தைத் தனியாகக் கண்டு, அந்தப் பத்து வித்தியாசங்களுக்கு டி போட்டால் 4.06, தேவை 2.262 மட்டுமே. ஒரே தரவு, நேரெதிர் முடிவுகள். சிலருக்கு எந்தத் தூக்க மருந்து கொடுத்தாலும் தூக்கம் நன்றாகக் கூடுகிறது, சிலருக்குக் கூடுவதில்லை, அந்த ஆளுக்கு ஆள் மாறுபாடு முதல் கணக்கில் இரைச்சலாகப் புகுந்து மருந்தின் விளைவை மறைத்தது. இரண்டாவது கணக்கில் அது கழிந்துபோகிறது. விளம்பரத்துக்கு முன்னும் பின்னும் அதே பத்துக் கடைகளின் விற்பனையை ஒப்பிடும்போது நீங்கள் செய்யவேண்டியதும் இதைத்தான். ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருள் வைத்திருந்தால் ‘ஸ்லீப்’ என்ற பெயரில் இதே தரவு உள்ளேயே இருக்கிறது, இரண்டு விதமாகவும் போட்டுப் பாருங்கள்.

டி காப்பாற்றாத இடங்களும் உண்டு. தீபாவளிக்கு முந்தைய நான்கு நாள் விற்பனையை எடுத்து வருடச் சராசரியை மதிப்பிட்டால் எந்த அட்டவணையும் உதவாது, மாதிரியே ஒருதலைப்பட்சம். வருமானம்போல ஒரு சிலர் மட்டும் மிக உயரத்தில் இருக்கும் தரவில் சிறிய மாதிரி போட்டாலும் கணக்கு தடுமாறும்.

நம் மால்ட் கணக்கு பாதியில் நிற்கிறது. 3.182-ஐப் போட்டால் எல்லை இரு பக்கமும் 0.87, ஆலை தாங்குவது 0.5. திட்ட விலக்கம் அதே 0.55 என்று வைத்துக்கொண்டு இன்னும் நான்கு முறை அளந்து எட்டாக்கினால் 0.46-க்கு வந்துவிடும். வர்க்கமூலத்தால் மட்டும் குறைந்திருந்தால் 0.62-ல் நின்றிருக்கும், அட்டவணை எண்ணும் 3.182-லிருந்து 2.365-க்கு இறங்கியதால் கூடுதல் லாபம். பதினாறு ஆக்கினால் 0.29. அதாவது இரண்டாவது நான்கு அளவுகள் 0.41-ஐக் குறைத்தன, அதற்கடுத்த எட்டு அளவுகள் சேர்ந்து 0.17-ஐத்தான் குறைத்தன. எட்டோடு நிறுத்தலாமா, பதினாறுக்குப் போகலாமா என்பதைப் புள்ளியியல் தனியாக முடிவு செய்யாது. 1905-ல் பியர்சனிடம் ஆலோசனை கேட்கப் போனபோதே காசெட் இதைத் தெளிவாக எழுதியிருந்தார்: எவ்வளவு உறுதி வேண்டும் என்பது அந்த முடிவின்படி நடந்தால் கிடைக்கும் பணம், புதிய முறைக்கு ஆகும் கூடுதல் செலவு, ஒவ்வொரு சோதனைக்கும் ஆகும் செலவு இவற்றைப் பொறுத்தது என்று. பாடப்புத்தகத்தில் 5 சதவீதம் என்று கல்வெட்டுபோல் நிற்கும் எல்லை அவருக்கு அப்படி இருக்கவில்லை. விதை பார்லியை ஒரு பருவத்துக்கு மாற்றிப் பார்ப்பது, சரிவரவில்லையென்றால் அடுத்த வருடம் பழையதற்கே திரும்பலாம் என்ற அளவு முடிவு, அதற்கு ஐந்தில் நான்கு முறை சரியாக வரும் என்ற சாதகமே போதும். ஆலையின் இயந்திரங்களையே மாற்றுவதற்கு நூற்றுக்கு ஒன்று தவறினாலும் அதிகம்தான், அங்கே பதினாறு முறை அளப்பது மலிவு.